இரட்டிக்கும் மெய்யும் இறந்தகாலமும்

ஆய்வேட்டு வரைவுகளைப் பார்க்கும் நெறியாளர்களுக்கும், விடைத்தாள் திருத்தும் நம்மைப் போன்ற ஆய்வாளர்களுக்கும் ஒரு பொதுப் பழக்கம் உண்டு. 'அக்கர்' என்னும் ஆங்கில வினையின் இறந்தகால வடிவில் ஆர் இரட்டிக்காமல் நின்றால் ஒரு சிவப்பு வட்டம். 'விசிட்' என்பதன் இறந்தகாலத்தில் டீ இரட்டித்துவிட்டால் இன்னொன்று. வட்டம் இடுவதில் எனக்கு மறுப்பில்லை. இரண்டு வட்டங்களைக் கண்டதுமே 'இவருக்கு ஆங்கிலம் வராது' என்று தீர்ப்பெழுதுகிறோமே, அதைப் பற்றியே இப்பதிவு.

பாடநூல் விதி அனைவரும் அறிந்ததே. ஈற்றசை அழுத்தம் பெற்று, ஓர் உயிரெழுத்தும் ஒரு மெய்யெழுத்துமாக முடியும் வினையில், 'ஈடி' விகுதிக்கு முன் அம்மெய் இரட்டிக்கும். 'அக்கர்', 'அட்மிட்', 'ப்ரிஃபர்' ஆகியவற்றில் அழுத்தம் ஈற்றசையில் விழுவதால் இரட்டிப்பு உண்டு. 'விசிட்', 'ஆஃபர்', 'டெவலப்' ஆகியவற்றில் இல்லை. ஆனால் தமிழில் அசையழுத்தம் சொற்பொருளை வேறுபடுத்துவதில்லை. இந்தியிலும் பெரும்பாலும் அப்படியே. தாய்மொழி பழக்கித் தராத ஒன்றை மாணவரைச் செவியால் கண்டுபிடிக்கச் சொல்லி, அதன்மேல் எழுத்துவிதியைக் கட்டுகிறோம். அவ்விதியேனும் ஒழுங்காக நிற்கிறதா? 'கிட்நாப்', 'ஹேண்டிகேப்' இரண்டிலும் முதன்மை அழுத்தம் முதலசையில்தான்; ஆயினும் பி இரட்டிக்கிறது. 'டிராவல்', 'கேன்சல்' ஆகியவற்றில் பிரித்தானியர் அழுத்தத்தைப் பொருட்படுத்தாமல் எல்லை இரட்டிப்பர். நோவா வெப்ஸ்டர் வழிவந்த அமெரிக்கர் ஒற்றை எல்லோடு நிறுத்துவர். நம் வகுப்பறை கற்பிப்பது பிரித்தானிய வழக்கு, கணினியின் பிழைதிருத்தி பலவேளை அமெரிக்கம். ஒரே சொல்லுக்கு ஆசிரியரின் கோடு ஒருபுறம், இயந்திரத்தின் கோடு மறுபுறம்!

தமிழ் மாணவருக்கு இதைச் சொல்லித்தர எளிய வாயில் ஒன்று உண்டு. அதை யாரும் திறப்பதில்லை என்பது என் நெடுநாள் வருத்தம். தனித்த குற்றெழுத்தின் பின் நிற்கும் மெய், உயிர் வந்து சேரும்போது இரட்டிக்கும் என்பது நன்னூல் காட்டும் புணர்ச்சி. கல் கல்லை ஆகும். கால் காலை ஆகும். ஓரசை ஆங்கில வினைகளில் நிகழ்வதும் ஏறத்தாழ இதுவே: 'ஸ்டாப்' இரட்டிக்கும், 'லுக்' இரட்டிக்காது. ('லுக்' இன்று குறில்போல ஒலித்தாலும் இரண்டு ஓக்களால் எழுதப்படுவது, எழுத்தளவில் அது நெடில்.) வேறுபாடு ஒன்று உண்டு. தமிழின் இரட்டிப்பு நாவிலும் ஒலிக்கிறது; ஆங்கில இரட்டிப்பு கண்ணுக்கு மட்டுமே. முன்னுள்ள உயிர் குறுகியது என்று அறிவிக்கும் அடையாளம் அது. 'ஹாப்' (தத்துதல்), 'ஹோப்' (நம்புதல்) ஆகிய இரண்டின் இறந்தகால வடிவங்களையும் எழுத்தில் வேறுபடுத்துவது அந்த ஒரு பி மட்டுமே.

விகுதியின் கதை இதைவிடச் சுவையானது. 'வாக்' என்பதோடு சேர்கையில் அது டகர வல்லொலி, 'ப்ளே' என்பதோடு மெல்லிய ஒலி, 'வான்ட்' என்பதோடு தனி அசை. ஒலி மூன்று, எழுத்து ஒன்று. தமிழ் நேர்மாறான வழியில் சென்றது. உண்டான், தின்றான் என்பவற்றின் டகர றகரங்களை மொழியியலார் தகரத்தின் திரிபாகவே காண்பர். நம் எழுத்தோ திரிந்த ஒலியை அப்படியே பதிவுசெய்கிறது. ஆங்கில விகுதியின் உயிரும் ஒருகாலத்தில் ஒலித்ததே. அது தேய்ந்து மெய்கள் ஒன்றோடொன்று முட்டுவதை ஜோனதன் ஸ்விஃப்ட் 1712இல் கடிந்து எழுதினார். 1906இல் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட், எளிமையாக்கப்பட்ட முந்நூறு சொற்களை அரசு அச்சகத்தில் புகுத்த முயன்றார். 'டிராப்', 'கிஸ்' போன்றவற்றின் இறந்தகாலத்தை ஒலிப்படியே டீயில் முடிக்கும் வடிவங்களும் அப்பட்டியலில் இருந்தன. நாளிதழ்கள் நகைத்தன, காங்கிரஸ் எதிர்த்தது, ஆண்டு முடிவதற்குள் ஆணை பின்வாங்கப்பட்டது. அது தோற்றதில் எனக்கு மகிழ்ச்சியே. ஒலி எப்படி மாறினாலும் 'இது இறந்தகாலம்' என்று கண்ணுக்குக் காட்டும் ஒரே வடிவம் வாசிப்பவருக்குப் பெரிய வசதி.

அந்த வசதியைக் குழந்தைகள் படிப்படியாகவே கண்டறிகின்றனர். டெரேசினா நூனெஸ், பீட்டர் பிரையன்ட், மிரியம் பைண்ட்மன் மூவரும் 1997இல் வெளியிட்ட ஆய்வு இங்கிலாந்துப் பள்ளிக் குழந்தைகளைப் பற்றியது. முதலில் அவர்கள் விகுதியை ஒலிப்படி டீ என்று எழுதுகின்றனர். பிறகு ஈடி என்ற வடிவத்தைப் பிடித்துக்கொண்டு, வினையே அல்லாத 'சாஃப்ட்' போன்ற சொற்களிலும் அதை நுழைக்கின்றனர். அதன் பின்னரே அது இறந்தகால ஒழுங்கு வினைக்கு மட்டும் உரியது என்று தெளிகின்றனர். நடுநிலையில் விளையும் பிழை, விதியைத் தேடும் மனத்தின் வேலை. 'விசிட்' என்பதில் டீயை இரட்டிக்கும் நம் மாணவரும் அதே வேலையைத்தான் செய்கிறார். 'ஃபிட்' இரட்டிப்பதைக் கண்டு 'விசிட்'டுக்கும் நீட்டியிருக்கிறார்.

ஆகவே என் பரிந்துரை சிறியது. ஓரசை வினைகளுக்குக் கல்–கால் விதியைச் சொல்லுங்கள். ஈரசைக்கு மேற்பட்டவற்றில் இரட்டிக்காமை பொதுவிதி என்று கொண்டு, இரட்டிக்கும் சிலவற்றை மனனம் செய்யச் சொல்லுங்கள். ஆய்வெழுத்தில் அடிக்கடி வருபவை அக்கர், ரெஃபர், ப்ரிஃபர், இன்ஃபர், டிரான்ஸ்ஃபர், அட்மிட், சப்மிட், பெர்மிட், ஒமிட், கன்ட்ரோல் என ஒரு கை விரல்களை இருமுறை எண்ணும் அளவே. எல்லில் முடியும் சொற்களில் எந்த வழக்கைப் பின்பற்றினாலும் கட்டுரை முழுவதும் ஒன்றையே பின்பற்றினால் போதும்.

மதிப்பெண்ணைக் குறைக்கவேண்டிய இடம் வேறொன்று இருக்கிறது. மெய்கள் நெருங்கும் இடத்தில் விகுதி செவிக்குப் பிடிபடாமல் போகும். எழுத்திலும் அதை விட்டுவிடும் மாணவர் பலர். ஆய்வுமுறை இயலில் 'கலெக்ட்' என்பதன் பின் ஈடி விடுபட்டால், தரவு திரட்டி முடிந்ததா, வழக்கமாகத் திரட்டப்படுவதா என்பதே ஐயமாகிவிடும். இரட்டிக்காத ஓர் ஆருக்கும் அந்த ஐயத்துக்கும் ஒரே மையில் ஒரே அளவு வட்டம் இடுகிறோம். அடுத்த கட்டு விடைத்தாளை எடுக்கும்போது இவ்விரண்டையும் தனித்தனியே எண்ணிப் பாருங்கள். உங்கள் துறையில் எது மிகுதி என்று இங்கே எழுதுங்கள்.