திரைச்சீலையும் சாவியும்

படுக்கையறைக்கு வெளிர்நீலம் பூசுங்கள், கனத்த திரைச்சீலை போடுங்கள், நிம்மதியாகத் தூக்கம் வரும் என்கிறார்கள். யாருக்கு?

லால்பேட்டையில் வளைகுடாப் பணத்தில் எழுந்த வீடுகளில் அப்படியொரு அறை உண்டு. தேக்குக் கட்டில், ஏசி எல்லாம் உண்டு. கணவர் லீவில் வரும்வரை அது பூட்டிக் கிடப்பதை என் மாணவிகளின் வீடுகளில் பார்த்திருக்கிறேன். அவள் கூடத்தில், மாமியாருக்குப் பக்கத்தில் பாய் விரிப்பாள். சவூதியில் இரவு 10 மணி என்றால் இங்கே 12.30. அவர் வேலை முடிந்து பேசும்வரை விழித்திருக்க வேண்டும். சுபுஹ் பாங்குக்கு எழவும் வேண்டும்.

இந்தியாவின் 2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் அதற்குத் தரும் நேரம் நாளுக்கு 299 நிமிடம். அதில் ஈடுபடும் ஆண் தருவது 97. மிச்சம் 202 நிமிடத்தை எந்தப் பெயின்ட் திருப்பித் தரும்?

குறுந்தொகை ஆறாம் பாட்டில் உலகமே உறங்க, ஒருத்தி மட்டும் விழித்திருக்கிறாள். பிரிவுத்துயர் என்றுதான் நானும் நடத்துகிறேன். (விடிந்ததும் அவளுக்கு என்ன வேலை காத்திருந்தது என்று நாம் கேட்பதேயில்லை.)

திரைச்சீலை அப்புறம் வாங்கலாம். அந்த அறையின் சாவியை அவளிடம் கொடுங்கள். உள்பக்கம் தாழ்ப்பாள் வையுங்கள். பேச வேண்டியவர் சவூதி நேரம் 7.30-க்கே பேசட்டும், அப்போது இங்கே மணி 10.