பாசிக்குத் தீனி போடுவது யார்?

மதுரையில் சில வீடுகளில் கடல் வந்து குடியேறி இருக்கிறது!

கண்ணாடித் தொட்டி. அதில் உப்புத் தண்ணீர். உள்ளே இரண்டு கோமாளி மீன்கள். ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை. குழந்தைகள் சோற்றை மறந்து வேடிக்கை பார்க்கும்.

மூன்று மாதம் எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். பிறகு ஒரு நாள் கண்ணாடியில் பச்சை படரும். தேய்த்தால் போய்விடும். நான்காம் நாள் மறுபடியும் வரும். கல்லின் மேல் தலைமயிர் போலப் பாசி நீளும்.

வீட்டுக்காரர் விளக்கைக் குறை சொல்வார். மதுரை வெயிலைக் குறை சொல்வார். மீன் விற்ற கடைக்காரரையும் விடமாட்டார்.

ஆனால், பாசிக்குத் தீனி போட்டவர் அவரேதான்!

மணிச்சத்து

பாசியும் ஒரு பயிர். பயிருக்கு உரம் வேண்டும். நெல்லுக்குத் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து என்று மூன்று வகை உரம் இடுகிறார்கள் அல்லவா? அதில் மணிச்சத்துதான் இங்கே வில்லன். தொட்டி வைத்திருப்பவர்கள் அதை "பாஸ்பேட்" என்கிறார்கள்.

மீனுக்குப் போடும் தீனியில் பாஸ்பேட் இருக்கிறது. மீன் தின்னாமல் விட்டது அடியில் அழுகும். தின்றது கழிவாக வெளியே வரும். எப்படி ஆனாலும் அது தண்ணீரில்தான் சேருகிறது. தொட்டியில் வெளியே போக வழி இல்லை!

ஒரு லிட்டர் தண்ணீரில் பாஸ்பேட் ஒரு மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினாலே பாசிக்குக் கொண்டாட்டம். நூறு லிட்டர் தொட்டிக்குக் கணக்குப் போட்டால் மொத்தம் 10 மில்லிகிராம். ஓர் அரிசியின் எடைகூட இராது!

இதற்கு என்ன செய்வது? தீனியைக் குறைக்க வேண்டும். இரண்டு நிமிடத்தில் மீன் தின்று முடிக்கிற அளவு போதும். உறைந்த இறாலைப் போடுவதானால் அலசிவிட்டுப் போட வேண்டும். குழாய்த் தண்ணீரையோ ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரையோ அப்படியே ஊற்றக் கூடாது. ஆர்.ஓ. இயந்திரத்தில் வடித்த தண்ணீரில், மீன் தொட்டிக்கென்றே விற்கும் கடல் உப்பைக் கரைக்க வேண்டும். சமையல் கல் உப்பைக் கரைத்தால் அது கடல் ஆகிவிடாது. வாரம் ஒரு முறை பத்தில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றினால் நல்லது.

இரும்புத் துரு போன்ற ஒரு மணல் கடையில் கிடைக்கிறது. அது பாஸ்பேட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆனால், ஒரேயடியாக அள்ளிப் போட்டால் தொட்டியில் உள்ள பவள உயிர்கள் வாடிவிடும். பாஸ்பேட் அடியோடு இல்லாவிட்டாலும் ஆபத்துதான். எல்லா உயிருக்கும் அது கொஞ்சம் வேண்டும்.

பாசியைக் கொல்லும் மருந்து வேண்டாம். செத்த பாசி தொட்டிக்குள்ளேயே அழுகும். அது தின்ற பாஸ்பேட் திரும்பத் தண்ணீருக்கே வரும்.

(பவளப் பாறைக்கு ஆசைப்பட்டு மன்னார் வளைகுடாவில் இருந்து எடுத்து வந்துவிடக் கூடாது. 2001-ம் ஆண்டு முதல் அது வனவிலங்குச் சட்டப்படி குற்றம்.)

ஊரே ஒரு தொட்டி

வீட்டுத் தொட்டிக்குச் சொன்ன கணக்குத்தான் மதுரைக் கண்மாய்களுக்கும்.

வைகை ஆற்றில், நகரத்துக்குள், தண்ணீர் தேங்கும் இடமெல்லாம் ஆகாயத்தாமரை மூடிக் கிடப்பதை மதுரைக்காரர்கள் பல ஆண்டுகளாகப் பார்க்கிறார்கள். பெயர் என்னவோ அழகுதான்! இயந்திரம் வைத்து அகற்றுவார்கள். சில மாதத்தில் மறுபடியும் பச்சைக் கம்பளம் விரிந்துவிடும். கண்மாய்களிலும் இதே கதை.

கண்ணாடியைத் தேய்த்துவிட்டு, தீனியை மட்டும் குறைக்காத வீட்டுக்காரரின் வேலைதான் இது.

ஊர்த் தொட்டிக்குத் தீனி எங்கிருந்து வருகிறது? சாக்கடையில் இருந்து! ஒரு மனிதரின் உடம்பில் இருந்து நாள்தோறும் ஒரு கிராமுக்கு மேல் மணிச்சத்து கழிவாகப் போகிறது. 2011-ம் ஆண்டுக் கணக்குப்படியே மதுரை மாநகராட்சியின் மக்கள் தொகை 10 லட்சத்துக்கு மேல். அப்படியானால் நாள் ஒன்றுக்கு ஒரு டன்! ஒரு கிலோ மணிச்சத்து 500 கிலோ வரை பாசியை வளர்த்துவிடும் என்று விஞ்ஞானிகள் சொல்கிறார்கள்.

சலவைத் தூள் சிலவற்றிலும் பாஸ்பேட் உண்டு. உப்புத் தண்ணீரிலும் நுரை வரவேண்டும் என்று அதைச் சேர்க்கிறார்கள். ஐரோப்பிய நாடுகள் 2013-ம் ஆண்டில் இதற்குக் கடுமையான வரம்பு போட்டுவிட்டன.

விமான நிலையம் போகும் வழியில், அவனியாபுரத்துக்கு அப்பால் அயன்பாப்பாகுடி கண்மாய் இருக்கிறது. 2020-க்குப் பிறகு பல மழைக் காலங்களில் அங்கே வெள்ளை நுரை மலைபோல் பொங்கியது. காற்றில் பறந்து சாலையில் போனவர்கள் மேல் விழுந்தது. ஜனங்கள் பதறினார்கள்.

நுரை சோப்பினால் வருவது. பாஸ்பேட் கண்ணுக்குத் தெரியாது. நுரை அடங்கினாலும் பாஸ்பேட் அடங்கியது என்று பொருள் அல்ல.

சாக்கடையைச் சுத்திகரித்தால் போதாதா என்று கேட்கலாம். சாதாரணச் சுத்திகரிப்பில் நாற்றம் போகும், கிருமி குறையும். மணிச்சத்தில் பெரும் பகுதி தங்கிவிடும். அதைப் பிடிக்கப் படிகாரமோ இரும்பு உப்போ தனியாகச் சேர்க்க வேண்டும். வீட்டுத் தொட்டியில் இரும்பு மணல் செய்யும் அதே வேலை!

திரை போட்ட ஏரி

பாஸ்பேட்தான் குற்றவாளி என்பதற்குச் சாட்சி உண்டா? உண்டு.

1973-ம் ஆண்டு கனடா நாட்டில் ஷிண்ட்லர் என்ற விஞ்ஞானி ஓர் ஏரியின் நடுவே பிளாஸ்டிக் திரை போட்டு இரண்டாகப் பிரித்தார். அந்த ஏரிக்குப் பெயர்கூட இல்லை. 226 என்ற எண்தான். ஒரு பாதியில் கரிச்சத்தும் தழைச்சத்தும் போட்டார். மறு பாதியில் அவற்றோடு மணிச்சத்தையும் சேர்த்தார்.

மணிச்சத்து போட்ட பாதி பச்சைப் பசேல் என்று ஆகிவிட்டது! திரைக்கு அந்தப் பக்கம் தெளிந்த தண்ணீர்.

அமெரிக்காவில் சியாட்டில் நகரத்து ஏரியும் இப்படித்தான் பச்சையாகிக் கிடந்தது. 1963 முதல் 1968 வரை சாக்கடைக் குழாய்களைப் படிப்படியாக ஏரியை விட்டுத் திருப்பினார்கள். சில ஆண்டுகளில் ஏரி தெளிந்தது. அங்கே யாரும் பாசியை வாரவில்லை. தீனியை நிறுத்தினார்கள், அவ்வளவுதான்.

பாசி பச்சையாக இருந்தால் என்ன கெட்டுப்போயிற்று என்று நினைத்துவிடக் கூடாது. பாசி பெருகிச் செத்து அழுகும்போது தண்ணீரில் உள்ள பிராணவாயு தீர்ந்துவிடும். மீன் மூச்சு முட்டிச் சாகும். 2019 செப்டம்பரில் மன்னார் வளைகுடாவில் கடல் பச்சையாக மாறி, பாம்பன் பக்கம் மீன்கள் செத்துக் கரை ஒதுங்கின. அது நாக்டிலூகா என்ற நுண்ணுயிர் பெருகியதால் வந்த வினை. கடலுக்கே அந்தக் கதி என்றால், கண்மாயை நம்பி வலை வீசுகிறவர் என்ன செய்வார்?

கரையில் போட்டால்?

வாரிய ஆகாயத்தாமரையை எங்கே போடுவது என்பதும் முக்கியம். அந்தச் செடி தின்ற மணிச்சத்து அதன் உடம்பிலேயே இருக்கிறது. லாரியில் ஏற்றித் தொலைவில் கொண்டுபோய் மக்க வைத்தால் ஆற்றுக்கு லாபம். கரையிலேயே குவித்துவிட்டால், அடுத்த மழையில் சாறு மறுபடி ஆற்றுக்கே இறங்கும். செலவு தண்டம்!

அடியில் படிந்த வண்டலும் அப்படியே. சாக்கடையை நிறுத்தினாலும், பழைய வண்டல் பல ஆண்டுகள் மணிச்சத்தைக் கசியவிடும். முன்பெல்லாம் கோடையில் கண்மாய் வற்றியதும் உழவர்கள் மாட்டு வண்டி பூட்டி வந்து வண்டலை வயலுக்கு அள்ளிப் போவார்கள். கண்மாய் ஆழமாகும், வயலுக்கு உரம் ஆகும். 2017-ம் ஆண்டில் தமிழக அரசு வண்டலை இலவசமாக எடுக்க வழி செய்தது. 2024-ல் தாசில்தாரே அனுமதி தரலாம் என்று ஆக்கியது.

கிராமத்துக் கண்மாய்க்கு இது சரி. நகரத்துச் சாக்கடை கலந்த வண்டலில் ஈயம் போன்ற உலோகங்களும் இருக்கக்கூடும். அதை வயலில் கொட்டும் முன் பரிசோதிக்க வேண்டும். முதல் வண்டியை ஓட்டும் முன்பே ஒரு கைப்பிடி வண்டலைப் பரிசோதனைக்குக் கொடுத்துவிட வேண்டும்.