மகரிஷியை விட்டு விலகியவர்கள்

ஜோதிர்மடத்துச் சங்கராசாரியராக விளங்கிய பிரம்மானந்த சரஸ்வதி சுவாமிகளிடம் காரியதரிசியாக இருந்து, அவர் 1953-ல் சமாதியடைந்தபின் ஊர் ஊராகச் சென்று உபதேசம் செய்துவந்த மகேஷ் என்னும் பிரம்மசாரி, 1957-ஆம் ஆண்டின் இறுதியில் நம் சென்னையில் கூடிய ஓர் ஆன்மிக மாநாட்டில்தான், உலகம் முழுவதையும் தியானத்தினால் புதுப்பிக்கப் போவதாக அறிவித்துத் தம் இயக்கத்தைத் தொடங்கினார். அலகாபாத் சர்வகலாசாலையில் பௌதிகம் பயின்றவராகையால், சாஸ்திரத்தின் பாஷையோடு விஞ்ஞானத்தின் பாஷையையும் கலந்து பேசும் சாமர்த்தியம் அவருக்கு இயல்பாகவே வாய்த்திருந்தது. மறு ஆண்டே அவர் கடல் கடந்தார். பத்தாண்டுகளுக்குள் மகரிஷி மகேஷ் யோகி என்ற பெயரையும், அவர் கற்பித்த ஆழ்நிலைத் தியானத்தையும் அறியாத தேசம் அரிதாயிற்று.

இவ்வியக்கத்தில் நம்பிக்கை இழந்தவர்கள் என்றவுடன் எல்லோருக்கும் நினைவு வருவது பீட்டில்ஸ் பாடகர்கள் நால்வருமே. 1968 பிப்ரவரியில் ரிஷிகேசத்து ஆசிரமத்துக்கு ஆரவாரமாக வந்தவர்களில் ஒருவர் பத்து நாட்களிலும், இன்னொருவர் சில வாரங்களிலும் ஊர் திரும்ப, எஞ்சிய ஜான் லெனனும் ஜார்ஜ் ஹாரிசனும் ஏப்ரலில், குருவின் ஒழுக்கத்தைப் பற்றி எழுந்த ஒரு வதந்தியைக் கேட்டு மனங்கசந்து வெளியேறினார்கள். அந்த அபவாதம் ஒருநாளும் நிரூபிக்கப்படவில்லை. ஹாரிசனே பிற்காலத்தில் குருவின் பக்கம் சாய்ந்து, 1992-ல் அவ்வியக்கத்தினர் தொடங்கிய அரசியல் கட்சிக்காக லண்டனில் கச்சேரியும் செய்தார். இரண்டு மாதமும் நிறையாத ஆசிரம வாசம், இழப்பதற்கு ஒன்றுமில்லாத செல்வம், திரும்பிப் போனால் வரவேற்கக் காத்திருக்கும் உலகம் ஆகியவற்றை உடையவர்களுடைய மனத்தாங்கலிலிருந்து நாம் கற்றுக்கொள்ளக்கூடியது மிகக் குறைவு என்பது என் அபிப்பிராயம்.

கற்கவேண்டியது, பத்திரிகைகளில் பெயர் வராமலே பத்தும் இருபதும் ஆண்டுகள் அங்கே உழைத்து, பிறருக்குத் தீட்சை கொடுக்கும் ஆசிரியர்களாகவும் உயர்ந்து, பின்னர் ஒருநாள் மௌனமாக வெளியேறியவர்களிடமிருந்துதான். தீட்சைக்குப் பழமும் பூவும் ஒரு வெள்ளைக் கைக்குட்டையும் கொண்டு வரச்சொல்லி, குருபரம்பரையை வணங்கும் வடமொழிப் பூஜையொன்றைச் செய்துவிட்டு, வந்தவரின் காதில் ஒரு மந்திரத்தை ஓதி, 'இது உமக்கென்றே தேர்ந்தது. எவரிடமும் வெளியிடலாகாது' என்று ஆசிரியர் எச்சரிப்பது வழக்கம். பூஜை என்றால் என்னவென்று நமக்குத் தெரியும். ஆனால் அமெரிக்காவில் இது மதமே அன்று என்று சொல்லிப் பள்ளிக்கூடங்களுக்குள்ளும் இப்பயிற்சியைக் கொண்டுசென்றபடியால், 1977-ல் நியூ ஜெர்சி மாகாண வழக்கொன்றில் கூட்டாட்சி நீதிமன்றம் அதனைத் தடுத்தது. 1979-ல் மேல்கோர்ட்டும் அத்தீர்ப்பை உறுதி செய்தது. அதைவிடப் பெரிய அதிர்ச்சி அந்த மந்திரத்தைப் பற்றியது. சீடரின் பிரகிருதியை ஆராய்ந்து தேர்ந்தெடுத்ததாக நம்பப்பட்ட அது, உண்மையில் அவருடைய வயதைப் பார்த்து ஒரு சிறு பட்டியலிலிருந்து எடுத்துக் கொடுக்கப்பட்டதே என்பதை விலகிய ஆசிரியர்கள் பலர் வெளிப்படுத்தினார்கள். பதினெட்டு முறை நடந்து பெற்ற திருமந்திரத்தைத் திருக்கோஷ்டியூர்க் கோயிலின் மேலேறி நின்று ஊரறியச் சொல்லிவிட்டார் ராமாநுஜர் என்ற வரலாற்றைக் கேட்டு வளர்ந்த நமக்கு, ரகசியத்தினால் காக்கப்படுவது மந்திரமா, வருமானமா என்ற சந்தேகம் எழுவதில் வியப்பில்லை. இங்கிலாந்தில் ஆரம்பத்தில் ஒரு வாரச் சம்பளமாக இருந்த தட்சிணை, இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் 2,500 டாலராக ஏறியிருந்தது.

இத்தனைக்கும் அந்தப் பயிற்சியால் பயனே இல்லை என்று எவரும் சாதிக்க முடியாது. காலையும் மாலையும் இருபது நிமிஷம் கண்களை மூடி அமர்ந்து ஒரு சொல்லை மனத்துக்குள் உருப்போட்டால் மூச்சு அடங்குகிறது, உடல் ஓய்வு கொள்கிறது என்பதை 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆராய்ச்சியாளர் ராபர்ட் கீத் வாலஸும், ஹார்வர்டு வைத்தியர் ஹெர்பர்ட் பென்சனும் அளந்து காட்டினார்கள். வாலஸ் மகரிஷி நிறுவிய சர்வகலாசாலைக்குத் தலைவரானார். பென்சனோ, எந்தச் சொல்லானாலும் எந்தப் பிரார்த்தனையானாலும் அதே பலன் கிட்டும் என்று 1975-ல் ஒரு புஸ்தகம் எழுதி, முறையைச் சில பக்கங்களில் எல்லோருக்கும் சொல்லிவிட்டார். அந்த அளவோடு மகரிஷி திருப்தியடைந்திருப்பாரானால், மனிதருக்குச் சிறிது அமைதியைக் கற்பித்த நல்ல ஆசிரியர் என்று அவரை உலகம் நினைவில் வைத்திருக்கும்.

ஆனால் ஓய்வை மட்டும் விற்று ஓர் இயக்கத்தை வளர்த்துக்கொண்டே போக முடியாது போலும். 1976 முதல் சித்திகள் கற்பிக்கப்பட்டன. ஆகாயத்தில் எழும்பலாம் என்ற நம்பிக்கையில் ஆயிரக்கணக்கான டாலர் கொடுத்துச் சேர்ந்தவர்கள், பத்மாசனமிட்டு மெத்தையின்மேல் தவளைபோல் துள்ளக் கற்றார்கள். துள்ளுவது முதற்படி, மிதப்பது அடுத்தது, பறப்பது அதற்கும் அடுத்தது என்று சொல்லப்பட்டது. முதற்படிக்கு மேல் ஏறியவரை இன்றுவரை யாரும் கண்டதில்லை. இத்தகைய கூட்டுத் தியானத்தினால் குற்றங்கள் குறையும் என்று காட்டுவதற்காக 1993-ன் கோடையில் ஏறக்குறைய நாலாயிரம் பேர் வாஷிங்டனில் கூடி அமர்ந்தார்கள். அவ்வாண்டு அந்நகரில் நிகழ்ந்த கொலைகள் 450-க்கு மேற்பட்டன. முந்திய ஆண்டைவிட அவை குறையவில்லை. எனினும் நடத்தியவர்கள் சோர்வடையவில்லை. தியானம் நடவாதிருந்தால் குற்றங்கள் எவ்வளவு ஏறியிருக்கும் என்று தாங்களே ஒரு கணக்கிட்டு, அதனோடு ஒப்பிட்டு வெற்றி பெற்றதாக அறிவித்தார்கள்.

சிஷ்யர்களுடைய உள்ளத்தில் நடந்ததும் இதே கணக்குத்தான். தியானத்தில் அமைதி வந்தால் அது முறையின் மகிமை. தலைவலியும் கலக்கமும் வந்தால், உள்ளே படிந்திருந்த இறுக்கம் வெளியேறுகிறது, இன்னும் விடாமல் செய்யவேண்டும் என்று உபதேசம். எப்படி நடந்தாலும் குரு சொன்னது மெய்யாகிவிடுகிற இந்த ஏற்பாட்டில், பொய்யாகக்கூடியவர் சிஷ்யர் ஒருவரே. பறக்கவில்லையென்றால் அவருடைய சிரத்தையில் குறை. சந்தேகம் வந்தால் அவருடைய நரம்புகளில் அழுக்கு. படிப்பையும் உத்தியோகத்தையும் விட்டுவிட்டு, ஐயோவா மாகாணத்து ஃபேர்ஃபீல்டு என்னும் சிற்றூரில் 1974 முதல் நடக்கும் அந்தச் சர்வகலாசாலையைச் சுற்றிக் குடியேறி, சிநேகம், விவாகம், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் அனைத்தையும் அங்கேயே அமைத்துக்கொண்ட ஒருவருக்கு, 'இது மெய்தானா?' என்று கேட்பது தாம் குடியிருக்கும் வீட்டையே தாம் இடிப்பதற்கு ஒப்பாகும். அவர் இருபது வருஷம் கேளாமலிருந்தாரே என்று பரிகசிப்பவர்கள், கேட்பதற்கு அவர் கொடுக்கவேண்டியிருந்த விலையை எண்ணிப் பார்ப்பதில்லை.

குருவைச் சோதிப்பது பாவம் என்று சிலர் ஆட்சேபிக்கக்கூடும். ஆனால் பணத்தைத் தீண்டமாட்டேன் என்ற ராமகிருஷ்ணருடைய படுக்கையின் கீழ் நரேந்திரர் ஒரு நாணயத்தை ஒளித்துவைத்துப் பார்த்தார் என்றும், அதற்காகப் பரமஹம்சர் சினங்கொள்ளவில்லை என்றும் நாம் படித்திருக்கிறோம். அந்தச் சோதனைக்கு இடமளித்த மரபும், கேள்வி கேட்டவரைக் குறையுள்ளவர் என்று ஒதுக்கும் ஸ்தாபனமும் ஒன்றல்ல.

மகரிஷி 2008 பிப்ரவரி 5-ஆம் தேதி ஹாலந்து தேசத்தில் காலமானார்; ஆனால் நம் ஊர்களில் வார இறுதி வகுப்புகளில் தொடங்கி, தொண்டு என்ற பெயரில் சம்பளமில்லா உழைப்பாக முடியும் தியான இயக்கங்களுக்குக் குறைவில்லை. அவற்றிலிருந்து திரும்பி வருகிறவர்களும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். அப்படி வருகிற மகனிடமோ மருமகளிடமோ 'அன்றைக்கே சொன்னேனே' என்று தொடங்காதீர்கள். கொடுத்த பணத்துக்குக் கணக்குக் கேட்காதீர்கள். குருவைத் திட்டும்படியும் வற்புறுத்தாதீர்கள். காலையில் இருபது நிமிஷம் கண்மூடி உட்கார அவர் இன்னும் விரும்பினால், அந்த நேரத்துக்கு வானொலியைக் கொஞ்சம் தாழ்த்தி வையுங்கள்.