மூக்கில் இரத்தம் வந்தால் ‘சூடு’ மட்டும்தானா?

மாணவர்களே, மூக்கில் இரத்தம் வடிந்தால் வீட்டில் என்ன சொல்வார்கள்? “உடம்புச் சூடு, இளநீர் குடி” என்பார்கள். பெரும்பாலும் அது சாதாரணமானதுதான். ஆனால், உங்களுக்கு அடிக்கடி வருகிறது, அப்பாவுக்கும் பாட்டிக்கும் அப்படித்தான் என்றால், அதைச் சூடு என்று ஒதுக்கிவிடக் கூடாது என்பது என் கருத்து.

காரணம் இதுதான். தமனியிலிருந்து வரும் இரத்தம் மெல்லிய நுண்குழாய்கள் வழியாகச் சென்று, வேகம் தணிந்த பிறகே சிரையை அடையும். ஆஸ்லர்-வெபர்-ரெண்டு நோய் எனும் பரம்பரை நோயில், சில இடங்களில் இந்த நுண்குழாய்களே இருப்பதில்லை. தமனி நேரே சிரையோடு இணைந்துவிடுகிறது. நெடுஞ்சாலை வாகனங்கள் வேகம் குறையாமல் தாமான் வீதிக்குள் நுழைவதைப் போன்றது இது. மூக்கினுள் இருக்கும் மெல்லிய குழாய்கள் அந்த அழுத்தம் தாங்காமல் கசிகின்றன. உதட்டிலும் நாக்கிலும் விரல் நுனியிலும் சிறு சிவப்புப் புள்ளிகள் தோன்றலாம். ஏறக்குறைய 5,000 பேரில் ஒருவருக்கு இந்நோய் உண்டு.

கல்லீரலிலும் இத்தகைய குறுக்கு வழிகள் உருவாகும். பலருக்கு அதனால் தொல்லை இல்லை. ஆனால் அவை பெருகினால், இரத்தம் உடலுக்குப் பயன்படாமலேயே இருதயத்திற்குத் திரும்பி விடுகிறது. ஓய்வில் நிமிடத்திற்குச் சுமார் 5 லிட்டர் இரத்தத்தை இறைக்கும் இருதயம், இன்னும் அதிகமாக இறைக்க வேண்டியுள்ளது. ஆண்டுக்கணக்கில் அப்படி உழைத்து அது பெரிதாகிறது, பின்னர் தளர்கிறது. மூச்சு வாங்குகிறது, கால் வீங்குகிறது. மூக்கு வழியே இரத்தம் இழந்து சோகையும் சேர்ந்தால் சுமை இன்னும் கூடும்.

நோயாளி மூச்சுத் திணறலை மட்டும் சொன்னால், மருத்துவரின் கவனம் இருதயத்தோடு நின்றுவிடலாம். கல்லீரலில் ஊசி குத்தித் திசு எடுத்தாலோ இந்நோயாளிகளுக்குக் கடும் இரத்தப்போக்கு ஏற்படக்கூடும். டோப்ளர் ஸ்கேன் மூலம் ஊசியின்றியே குறுக்கு வழிகளைக் காணலாம். அந்தச் சோதனை தேவை என்று மருத்துவருக்குத் தோன்ற, குடும்ப வரலாறு தெரிய வேண்டும்.

பெற்றோரில் ஒருவருக்கு இந்நோய் இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வரும் வாய்ப்பு 50 விழுக்காடு. ஆகவே, ஒருவரிடம் கண்டுபிடித்தால் குடும்பத்தினர் அனைவரையும் பரிசோதிக்க முடியும்.

பாடநூலில் கல்லீரல் ஒரு பாடம், இருதயம் வேறொரு பாடம். உடலில் இரண்டையும் ஒரே இரத்தம் இணைக்கிறது. இந்த வாரம் தாத்தா பாட்டியிடம் பேசுங்கள். யாருக்கு அடிக்கடி மூக்கில் இரத்தம் வந்தது, யாருக்குச் சோகை இருந்தது என்று கேட்டு எழுதி வையுங்கள். ஒரே குறை பலரிடம் தென்பட்டால், பயப்படாமல் அந்தத் தாளை மருத்துவரிடம் காட்டுங்கள்.