மேகம் நிறைந்த ஆலயமும் பாடகர் ஊழியமும்

சாலொமோன் எருசலேமில் கட்டிமுடித்த தேவாலயத்தின் பிரதிஷ்டையை வர்ணிக்கும் இரண்டாம் நாளாகமத்தின் 5-ஆம் அதிகாரத்தை, சபைகளில் பாடகர் குழுவை நடத்தும் பொறுப்பேற்றிருப்போர் ஆண்டுக்கு ஒருமுறையேனும் நிதானமாக வாசிக்கவேண்டுமென்பது நமது நெடுநாளைய விருப்பம். ஆசாப், ஏமான், எதுத்தூன் என்போரும் அவர்தம் குமாரரும் கைத்தாளமும் தம்புருவும் சுரமண்டலமும் ஏந்திப் பலிபீடத்தின் கிழக்கே நிற்க, பூரிகை ஊதிய ஆசாரியர் மட்டுமே 120 பேர். அத்தனை பெரிய கோஷ்டி ஏககுரலாய்த் துதித்த வேளையில் ஆலயத்தை மேகம் நிறைத்தது. ஆசாரியர்கள் நின்று ஊழியஞ்செய்யவும் இயலாதவராயினர்.

இதனைச் சான்றாகக் காட்டி, துதித்தால்தான் தேவபிரசன்னம் இறங்குமென்றும், சத்தத்தை உயர்த்த உயர்த்த அது சமீபிக்குமென்றும் போதிப்போர் இன்று பலர். அவர்களுடைய தாகத்தை மதிக்கிறோம். அவர்கள் கொள்ளும் அர்த்தத்தை ஏற்பதற்கில்லை. பாட்டு எழும்புமுன்பே உடன்படிக்கைப் பெட்டி கேருபீன்களின் செட்டைகளின்கீழ் வைக்கப்பட்டாயிற்று. அன்றியும் அதே சம்பவத்தைச் சொல்லும் முதலாம் இராஜாக்கள் 8-ஆம் அதிகாரத்தில் ஆசாரியர் வெளியே வருகிறார்கள், மேகம் நிறைகிறது. பாட்டைப் பற்றிய பேச்சே அங்கில்லை. தேவன் முந்தி வருகிறார். நாம் மறுமொழி சொல்லுகிறோம். உசியா ராஜா மரித்த வருஷத்தில் ஏசாயா சேராபீன்களின் துதியைக் கேட்டபோதும், அவன் வாயில் முதலிற் பிறந்தது பாட்டன்று, தன் உதடுகளின் அசுத்தத்தைக் குறித்த புலம்பலே.

தமிழ்த் திருச்சபையில் இந்த மறுமொழிக்கு ராகமும் தாளமும் வகுத்தவர்களுள் தலையாயவர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864). அவரும் அவர் வழிவந்தோரும் கைக்கொண்ட கீர்த்தனை என்னும் உருவமே நமக்கு ஓர் உபதேசம்: சரணந்தோறும் தேவன் செய்தருளிய ஒவ்வொரு கிரியை எடுத்துரைக்கப்பட, அதைக் கேட்டு நெகிழ்ந்த சபை பல்லவிக்குத் திரும்பித் தன் ஸ்தோத்திரத்தைச் செலுத்துகிறது. இக்காலத்திலோ நேரமில்லையென்று சரணங்களைத் தள்ளிவிட்டுப் பல்லவியை மட்டும் பத்துமுறை பாடுகிறோம். காரணம் போய்விட, ஸ்தோத்திரம் வெறும் ஓசையாய் நிற்கிறது. இது நம் ஊழியத்தில் நேர்ந்துள்ள பெருங்குறை என்பதைத் துக்கத்தோடு சொல்லுகிறோம்.

நாம் சிறுவயதில் அறிந்த ஒரு கிராமச் சபையில், வாசலிலே செருப்பைக் கழற்றிவிட்டு எல்லோரும் பாயில் அமர்ந்திருப்பர். கடைசிச் சரணம் முடிந்ததும் ஆர்மோனியம் வாசிக்கும் முதியவர் துருத்தியை மூடி, கொக்கியை மாட்டி, இரு கைகளையும் மடியில் வைத்துக்கொள்வார். ஸ்திரீகள் முந்தானையைத் தலைக்குமேல் இழுத்துக்கொள்வார்கள். ஏதோவொரு குழந்தையின் முனகலையும் வெளியே வேப்பமரத்துக் காற்றையும் தவிர வேறு ஓசை இராது. அந்த மௌனம் எத்தனை நேரம் நீடித்ததென்று எவரும் கணக்கிட்டதில்லை. உபதேசியார் ஜெபத்தைத் தொடங்கும்போது அவர் குரல் தழுதழுத்திருக்கும். மேகத்தின் முன் நிற்கமாட்டாத ஆசாரியரைப் பற்றி வாசிக்கும்போதெல்லாம் அந்த மடித்த கைகளே நம் கண்முன் வருகின்றன.

பாடகர் குழுத் தலைவர்களே, வருகிற ஞாயிற்றுக்கிழமை ஒரு கீர்த்தனையையேனும் எல்லாச் சரணங்களோடும் பாடுவியுங்கள். அது முடிந்தபின் போதகர் வாய்திறக்கும்வரை வாத்தியங்களைத் தொடாதிருங்கள்.