செல்போன் இருக்கும்போது ஹாம் ரேடியோ எதுக்கு?

"கையில செல்போன் இருக்கு, வாட்ஸப் இருக்கு, இன்னும் எதுக்குப்பா இந்தக் கரகரப் பெட்டி?"

ஹாம் ரேடியோ வைத்திருக்கும் வீடுகளில் அடிக்கடி விழும் கேள்வி. யார் வேண்டுமானாலும் கேட்கட்டும், தஞ்சாவூர்க்காரர்கள் கேட்டால்தான் சிரிப்பு வருகிறது :-)

2018 நவம்பர் 16 விடியற்காலை அதற்குள் மறந்துவிட்டதா? கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு என்று தென்னந்தோப்புகள் வரிசையாகச் சாய்ந்தன. கரண்ட் கம்பம் விழுந்தது, கரண்ட் போனதும் டவரும் படுத்தது. வெளியூரில் இருந்த பிள்ளைகள் ஊரில் அப்பா அம்மா என்ன ஆனார்கள் என்று தெரியாமல் தவித்தார்கள். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய போனும் அன்றைக்கு வெறும் டார்ச் லைட்தான். சார்ஜ் தீர்ந்ததும் அதுவும் இல்லை.

2004 டிசம்பர் 26. நாகப்பட்டினத்தில் ஆயிரக்கணக்கானவர்களைக் கடல் கொண்டுபோன அதே காலை, அந்தமானும் தனித்துப் போனது. ஹாம் ரேடியோவுக்காகவே போர்ட் பிளேர் போயிருந்த பாரதி பிரசாத்தும் குழுவினரும், அதே கருவிகளை வைத்து அந்தமான் செய்திகளை வெளியே அனுப்பினார்கள். பொழுதுபோக்கு என்று எடுத்துப்போன பெட்டி!

இதில் மந்திரம் எதுவும் இல்லை. சிற்றலை வானத்தில் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தாண்டும். நடுவில் டவர் கிடையாது, கம்பெனி கிடையாது, ரீசார்ஜ் கிடையாது. ஒரு கார் பேட்டரி, கொஞ்சம் ஒயர், அதைக் கட்ட இரண்டு மரம். மரம் சாய்ந்துவிட்டால் மூங்கில்.

"புயல் தினமுமா வருது?" என்பார்கள். பயிர்க் காப்பீடு மட்டும் எதற்காம்? நன்றாக விளைந்த வருஷத்தில் கட்டிய பிரீமியத்தைத் தண்டம் என்று எழுதுகிற கணக்குப்பிள்ளை உண்டா?

ஹாம்காரர்கள் மேலும் ஒரு குறை உண்டு. தாத்தா அப்பாவுக்கு, அப்பா மகளுக்கு என்று குடும்பச் சொத்து மாதிரியே இதைக் காப்பாற்றி வருகிறார்கள். நிலத்தைப் பிள்ளை பேரில் எழுதி வைக்கலாம், லைசென்ஸை எழுதி வைக்க முடியாது. ஒவ்வொருவரும் பரீட்சை எழுதி, தன் பேரில் அழைப்புக்குறி வாங்கவேண்டும். பிள்ளைகள் எழுதவில்லையா? தாத்தாவோடு முடிந்தது கதை. மிச்சம் இருக்கிற பெட்டி பேரீச்சம்பழத்துக்குப் போகும்.

இது வீட்டுக்குள்ளேயே இருந்தால் பிழைக்காது. டெல்டாவின் ஒவ்வொரு கல்லூரியிலும் என்.சி.சி., என்.எஸ்.எஸ். மாதிரி ஒரு ஹாம் கிளப் வேண்டும். எலக்ட்ரானிக்ஸ் பசங்களுக்கு மட்டும்தான் என்று எந்தச் சட்டமும் இல்லை. அடிப்படை எலக்ட்ரானிக்ஸும் விதிமுறைகளும் படித்தால் பி.காம். மாணவர்களும் தேறிவிடலாம்.

ஐப்பசி கார்த்திகை வருஷா வருஷம் வரும். கம்பம் விழுந்த பிறகு பரீட்சைக்கு விண்ணப்பம் போட முடியாது.