கல்லாவில் பிறந்தவரெல்லாம் கடைக்காரர் பக்கமா?

மாலையில் லாரிச் சரக்கு இறங்கி, சிட்டை எழுதி, மூட்டை எண்ணி அடுக்கியான பிறகு, நம் மண்டித் தெருவில் நாலைந்து பேர் கூடி டீ குடிப்பது நாற்பது வருஷத்துப் பழக்கம். உள்ளூர் அரசியல் பேசினால் ஆளுக்கொரு கட்சி. பேச்சு முற்றினால் மறுநாள் பாக்கி வசூலுக்குப் போய் நிற்க முடியாது. ஆகவே நாங்கள் பெரும்பாலும் வெளிநாட்டு அரசியல்தான் பேசுவோம். அதிலும் எண்ணெய் மண்டி அண்ணாச்சியின் மாப்பிள்ளை லண்டனில் இருப்பதால், பிரிட்டிஷ் அரசியல் எங்களுக்குப் பக்கத்துத் தெரு சமாச்சாரம் மாதிரி. யாருக்கும் அங்கே ஓட்டு இல்லை. யாருக்கும் நஷ்டமும் இல்லை. அப்படித்தான் நினைத்திருந்தோம்.

சென்ற வாரம் பேச்சு லிஸ் டிரஸ் அம்மையாரிடம் போயிற்று. 2022 செப்டம்பர் 6-ம் தேதி பிரதமர் ஆனவர். அந்த மாதம் 23-ம் தேதி அவருடைய நிதி மந்திரி ஆண்டுக்குச் சுமார் 4,500 கோடி பவுண்டு அளவுக்கு வரிச் சலுகைகளை அறிவித்தார். அந்தத் தொகையை எங்கிருந்து ஈடுகட்டுவது என்பதற்குக் கணக்குக் காட்டவில்லை. பவுண்டின் மதிப்பு சரிந்தது, அரசுக் கடனுக்கு வட்டி ஏறியது, ஐந்தே நாளில் பேங்க் ஆஃப் இங்கிலாந்து உள்ளே புகுந்து கடன் பத்திரங்களை வாங்கித் தாங்கிப் பிடிக்க வேண்டி வந்தது. ஒரு பத்திரிகை லெட்டூஸ் ஒன்றை வாங்கி வைத்து, இது அழுகுவதற்கு முன் இந்த அம்மாள் பதவியில் நிலைப்பாரா என்று பந்தயம் கட்டியது. லெட்டூஸ் என்பது முட்டைக்கோஸ் போலச் சுருண்ட ஒரு கீரை. அது அறுபது பென்ஸ் விலையில் கடையில் வாங்கியது. கீரைதான் ஜெயித்தது. நாற்பத்தொன்பது நாளில் அம்மையார் வீட்டுக்குப் போனார்.

"கல்லாவில் காசு இல்லாமல் தள்ளுபடி போர்டு மாட்டினால் இப்படித்தான்" என்று சிரித்தோம்.

அப்போது மேற்குத் தெரு மளிகைக்கடைத் தம்பி ஒரு வார்த்தை சொன்னார்: "அண்ணாச்சி, ராஜ்யத்தை நம்மைப் போல ஒரு மளிகைக்கடைக்காரர் கையில் கொடுத்திருந்தால் இந்தக் கூத்து நடந்திருக்குமா?"

"கொடுத்துப் பார்த்தாச்சு தம்பி. பதினோரு வருஷத்துக்கு மேல" என்றார் அண்ணாச்சி.

சண்டை அங்கேதான் பிடித்தது. தம்பி சும்மா கேட்கவில்லை. வரப்போகும் உள்ளாட்சித் தேர்தலில் நம் வணிகர் குடும்பத்துப் பிள்ளை ஒருவர் நிற்பதாகப் பேச்சு. "நம்ம ஆள்" என்பதற்காகச் சங்கமே கண்ணை மூடிக்கொண்டு ஆதரிக்க வேண்டும் என்பது தம்பியின் கட்சி. கூடாது என்பது அண்ணாச்சியின் கட்சி. லண்டனைச் சாக்கு வைத்து இருவரும் உள்ளூரைத்தான் பேசினார்கள். குரல் உயர்ந்து, தம்பி பாதி டீயை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். அன்று சொல்ல முடியாமல் போனதை இங்கே எழுதுகிறோம்.

மார்கரெட் தாட்சர் அம்மையார் 1925-ல் கிரான்தம் என்ற சிற்றூரில், அப்பாவின் மளிகைக்கடைக்கு மாடியில் பிறந்தவர். தகப்பனார் ஆல்ஃபிரட் ராபர்ட்ஸ் இரண்டு கடை நடத்தியவர், பின்னாளில் அவ்வூர் மேயராகவும் இருந்தவர். வரவுக்கு மேல் செலவு செய்யாதே என்ற கடைக்காரர் நீதியை இந்த அம்மையார் மேடைக்கு மேடை சொன்னார். 1979 முதல் 1990 வரை ஆண்டார். நம் தெருவில் அந்நாளில் அவரைப் பற்றி எவ்வளவு பெருமை! நாமும் பேசினோம், மறுக்கவில்லை.

ஆனால் கடைக்காரருக்குக் கிடைத்தது என்ன? இரண்டு கணக்கை மட்டும் பார்ப்போம்.

முதற்கணக்கு, கடை வரி. 1990 ஏப்ரலில் அவர் அரசு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கடை, தொழிற்கூடங்களுக்கான வரி விகிதத்தை உள்ளூர் மன்றங்களின் கையிலிருந்து எடுத்து, நாடு முழுவதற்கும் ஒரே விகிதம் ஆக்கியது. கூடவே, 1973-க்குப் பிறகு முதன்முறையாகக் கட்டட மதிப்பையும் புதிதாகக் கணக்கிட்டார்கள். பதினேழு வருஷத்து வாடகை உயர்வு ஒரே சமயத்தில் தலையில் இறங்கினால் எப்படி இருக்கும்? தென் இங்கிலாந்தில் எத்தனையோ சிறு கடைக்காரர்களுக்கு வரி ஏறிற்று. ஏற்றத்தை ஆண்டுகளுக்குப் பிரித்து வசூலிக்க ஏற்பாடு செய்ய வேண்டியிருந்தது.

இரண்டாவது, ஞாயிற்றுக்கிழமைக் கடை. அங்கே 1950-ம் ஆண்டுச் சட்டப்படி ஞாயிறன்று சில சரக்கு விற்கலாம், சில சரக்கு விற்கக் கூடாது. பச்சைக் காய்கறி விற்கலாம். அதையே டப்பாவில் அடைத்திருந்தால் விற்கக் கூடாது! கோணலான சட்டம்தான், சந்தேகமில்லை. ஆனால் பெரிய கடைகள் ஞாயிறு முழுதும் திறக்காமல் இருந்ததால், தெருமுனைக் கடைக்கு அன்று நாலு காசு புரண்டது. தாட்சர் அரசு 1986-ல் அந்தக் கட்டுப்பாடு மொத்தத்தையும் எடுத்துவிட மசோதா கொண்டுவந்தது. பெரிய கடைக்கும் சின்னக் கடைக்கும் ஒரே திறப்பு என்றால் யாருக்கு லாபம் என்பதை நம் வாசகர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

1986 ஏப்ரல் 14-ம் தேதி காமன்ஸ் சபையில் ஓட்டெடுப்பு. அம்மையாருக்கோ நூற்று நாற்பதுக்கு மேல் பெரும்பான்மையுடன் வந்த கட்சி. ஆனாலும் மசோதா 296-க்கு 282 என்ற கணக்கில் தோற்றது. அவருடைய கட்சியிலேயே 72 பேர் எதிர்த்து ஓட்டுப் போட்டார்கள். அவர் ஆட்சியில் ஒரு அரசு மசோதா இரண்டாம் வாசிப்பிலேயே விழுந்தது அந்த ஒன்றுதான்.

தோற்கடித்தது யார்? கடைச் சிப்பந்திகளின் தொழிற்சங்கம், மாதா கோவில்கள், சிறு கடைக்காரர்கள். மற்ற நாளில் ஒருவர் வாசலை ஒருவர் மிதிக்காதவர்கள். சிப்பந்திக்கு வாரத்தில் ஒரு நாள் ஓய்வு வேண்டும், கோவிலுக்கு ஞாயிறு வேண்டும், கடைக்காரருக்குப் பிழைப்பு வேண்டும். மூன்று தேவை, ஒரே ஓட்டு. மளிகைக்கடைக்காரர் மகளின் மசோதாவிலிருந்து மளிகைக்கடைக்காரரைக் காப்பாற்றியவர்கள் இவர்கள்தான்.

பிறகு 1994-ல், ஜான் மேஜர் காலத்தில், சமரசமாக ஒரு சட்டம் வந்தது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 280 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கடை ஞாயிறன்று காலை பத்துக்கும் மாலை ஆறுக்கும் இடையே தொடர்ந்து ஆறு மணி நேரம் மட்டுமே திறக்கலாம். அதற்கு உட்பட்ட சிறு கடைக்குக் கட்டுப்பாடு இல்லை. 2016-ல் டேவிட் கேமரூன் அரசு இதையும் தளர்த்தப் பார்த்தது. மார்ச் 9-ம் தேதி 317-க்கு 286 என்று அதுவும் தோற்றது. எதிர்த்தவர்களில் ஆளுங்கட்சியினர் இருபது பேருக்கு மேல். ஸ்காட்லாந்துக் கட்சியினரும் எதிர்த்தனர். அந்தச் சட்டம் அவர்கள் ஊரில் செல்லாது. ஆனாலும் இங்கே தளர்த்தினால் தங்கள் ஊர்ச் சிப்பந்திகளின் ஞாயிற்றுக்கிழமைக் கூடுதல் சம்பளத்துக்கு வேட்டு வரும் என்பது அவர்கள் கணக்கு.

இதைச் சொன்னதும் பருப்பு மண்டிக்காரர், "அப்படியானால் சின்னக் கடை பிழைத்துவிட்டதா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. முழுக்கப் பிழைக்கவில்லை. சட்டத்தில் 280 சதுர மீட்டர் என்று கோடு போட்டதும், டெஸ்கோவும் செயின்ஸ்பரிஸும் அந்தக் கோட்டுக்கு உள்ளேயே அடங்கும்படி தெருவுக்குத் தெரு சின்னக் கடைகளைத் திறந்தன. யானை குனிந்து குடிசைக்குள் வந்துவிட்டது. ஆகவே சட்டம் வந்தால் போதும், சங்கம் தூங்கலாம் என்பதும் தப்பு.

இன்னொரு வேடிக்கை. பிரிட்டிஷ் அரசியலில் "மளிகைக்கடைக்காரர்" என்று கேலிப் பட்டம் வாங்கியவர் தாட்சர் அல்ல, அவருக்கு முன் கட்சித் தலைவராக இருந்த எட்வர்ட் ஹீத். ஒரு நையாண்டிப் பத்திரிகை வைத்த பெயர். அவரோ தச்சு வேலை செய்தவரின் மகன். அவர் வர்த்தக மந்திரியாக இருந்த 1964-ல்தான், உற்பத்தியாளர் குறித்த விலைக்குக் கீழே கடைக்காரர் விற்கக் கூடாது என்ற பழைய ஏற்பாட்டை ஒழிக்கும் சட்டம் வந்தது. பெரிய கடையும் சின்னக் கடையும் ஒரே விலைக்கு விற்ற வரை சின்னக் கடைக்கு ஒரு வேலி இருந்தது. மளிகையில் அந்த வேலி முன்பே ஆடிப்போயிருந்தது. சட்டம் மற்றச் சரக்குகளிலும் அதைப் பிடுங்கியது. சொந்தக் கட்சியிலேயே அத்தனை எதிர்ப்பு. மருந்துக் கடைகள் பற்றிய ஒரு திருத்தத்தில் அரசு ஒரே ஒரு ஓட்டில் தப்பியது.

அதே ஹீத் 1972-ல் பிரதமராக இருந்தார். உகாண்டாவில் இடி அமீன் தொண்ணூறு நாள் கெடு வைத்து ஆசியர்களை விரட்டியபோது, நாட்டில் பலத்த எதிர்ப்பு இருந்தும், பிரிட்டிஷ் பாஸ்போர்ட் உள்ளவர்களை ஏற்றுக்கொண்டார். சுமார் 28,000 பேர் வந்தார்கள். பெரும்பாலோர் குஜராத்திகள், வியாபாரக் குடும்பத்தினர். எத்தனையோ பேர் தெருமுனைக் கடைகளை எடுத்து, விடிகாலை முதல் நள்ளிரவு வரை குடும்பத்தோடு உழைத்து நிமிர்த்தினார்கள். பின்னாளில் இலங்கைத் தமிழர்களும் அப்படியே கடை நடத்தி நிமிர்ந்ததை அண்ணாச்சியின் மாப்பிள்ளை கண்ணால் பார்த்துச் சொல்கிறார். தெருமுனைக் கடையின் வேலியைப் பிடுங்கியவரே அதற்குப் புது ஆளையும் உள்ளே விட்டார். இவர் கடைக்காரருக்கு நண்பரா, பகைவரா? பிறப்பைப் பார்த்தோ பட்டத்தைப் பார்த்தோ ஒன்றும் சொல்வதற்கில்லை. காரியத்துக்குக் காரியம்தான் பார்க்க வேண்டும்.

தம்பி ரிஷி சுனக்கையும் சொன்னார். தாயார் சௌதாம்ப்டனில் மருந்துக்கடை நடத்தியவர். பிள்ளை அதற்குக் கணக்கு எழுதியவர். நம் பெண்களுக்கெல்லாம் அவர் மேல் அபிமானம். 2022 அக்டோபரில் பிரதமர் ஆனார். 2024 ஜூலை 4-ம் தேதித் தேர்தலில் அவர் கட்சிக்கு 121 இடம்தான் கிடைத்தது. மருந்துக்கடைப் பிள்ளை என்பதற்காக அங்கே யாரும் ஓட்டை எழுதி வைத்துவிடவில்லை. பதினான்கு வருஷத்து ஆட்சிக் கணக்கைப் பேரேட்டில் பார்த்து நேர் செய்தார்கள்.

இப்போது நம் வாசலுக்கு வருவோம். பல வருஷங்களுக்கு முன் உள்ளாட்சித் தேர்தலில் நம் தெருக்காரர் ஒருவர் நின்றார். மண்டிகள் சேர்ந்து நன்கொடை திரட்டினோம். கடையடைத்து விட்டு வீடு வீடாக ஓட்டுக் கேட்டோம். யாரும் அவரிடம் ஒரு வாக்குறுதி எழுதி வாங்கவில்லை. "நம்ம ஆளிடம் எழுதி வாங்குவதா" என்று கூச்சப்பட்டோம். அவர் ஜெயித்தார். இரண்டாம் வருஷம் கடை வரி உயர்வுத் தீர்மானம் வந்தபோது, உயர்த்தச் சொல்லிக் கை தூக்கினார். போய்க் கேட்டதற்கு, "கட்சி சொன்னது, நான் என்ன செய்ய" என்றார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. புதிய வாடிக்கையாளருக்குச் சிட்டை இல்லாமல் பத்து மூட்டை கடன் கொடுப்போமா? சொந்த மச்சானுக்கே பற்று எழுதி வைக்கிற நாம், ஓட்டை மட்டும் எழுத்து இல்லாமல் கடன் கொடுத்தோம். தவறு நம்முடையது.

ஆகையால் நம் யோசனை இதுதான். எந்தக் கட்சி வேட்பாளர் வந்தாலும், அவர் வணிகர் வீட்டுப் பிள்ளையானாலும் ஆகாவிட்டாலும், கடை வரி, குப்பை வரி, உரிமக் கட்டணம், லாரி நிறுத்த இடம் ஆகிய நான்கையும் எழுதிக் கொடுத்து, பதிலை எழுதி வாங்க வேண்டும். அந்தப் பதிலை இந்த இதழில் அச்சிட வேண்டும். இரண்டு வருஷம் கழித்து அதை எடுத்து வைத்துச் சரிபார்க்க வேண்டும். கூடவே, சுமை தூக்கும் தொழிலாளர் சங்கத்தோடும் கடைச் சிப்பந்திகளோடும் உட்கார்ந்து பேச வேண்டும். கூலி விஷயத்தில் அவர்களோடு நமக்கு வழக்கு இருக்கலாம், இருக்கட்டும். மண்டி போனால் அவர்கள் கூலியும் போகும். மே 5-ம் தேதி வணிகர் தினத்தில் கடையடைத்து மாநாட்டுக்குப் போவதோடு நம் ஒற்றுமை முடிந்துவிடக் கூடாது.

காமன்ஸ் சபையில் ஆளுங்கட்சி வரிசைக்கும் எதிர்க்கட்சி வரிசைக்கும் முன்னால் தரையில் சிவப்புக் கோடு ஒவ்வொன்று உண்டு. இரண்டு கோட்டுக்கும் நடுவே இரண்டு வாள் நீளம் என்பது பரம்பரைப் பேச்சு. பேசும்போது கோட்டைத் தாண்டக் கூடாது. எவ்வளவு கத்தினாலும் கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றுதான் கத்த வேண்டும். நம் டீக்கடை பெஞ்சுக்கும் அப்படி ஒரு கோடு வேண்டும் என்று அன்றிரவு நினைத்துக்கொண்டோம்.

மறுநாள் காலை தம்பி துவரம் பருப்புக்கு வந்தார். முகம் கொடுத்துப் பேசவில்லை. மூட்டையை ஏற்றிய பிறகு, "அந்த நாலு விஷயத்தையும் எழுதிக் கொடுங்கள், நம்ம ஆளிடம் நானே கொண்டு போய்க் கேட்கிறேன்" என்றார். அண்ணாச்சி கடைப் பையனைக் கூப்பிட்டு மூன்று டீ சொன்னார்.